பெயர் தெரியாத சிலந்திக் குஞ்சு

அது எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதைச் சிலந்தி என்றே நான் நினைக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லி ஒரு டப்பா கொடுப்பார்களே, வெள்ளை மூடி போட்டது, அப்படி ஒன்று. உள்ளே கொஞ்சம் பழுப்பு மண்ணும் ஒரு துரும்பும் இருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோன பெண்ணின் அம்மா எங்கள் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றார்.

இறந்தது என் மகளின் தோழி. இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேணாம் டீச்சர். இன்னும் தீட்டுக் கழியல. நாளைக்குத்தான் கருமாதி. வீட்டக் கழுவி விடுறாக. அவ சாமானெல்லாம் ஒதுக்கியாச்சு. இதப் பாத்துட்டு எங்க நாத்தனா சாக்கடையில கவுத்தச் சொல்லிட்டாக. எம்பிள்ள கண்ணுல வச்சு வளத்தது. எனக்கு மனசு வரல. பாப்பா வச்சுக்கிருமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கம்பிகளின் இடைவெளி வழியாக டப்பாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"ஒரே ஒண்ணு கேக்கணும் டீச்சர். அவ கடைசியா எதுவும் பேசுனாளான்னு. பாப்பாட்டத்தான் கேக்க முடியும்."

"அவளுக்கு இன்னும் உடம்பு சரியாகல. கொஞ்ச நாள் போகட்டும்."

"போகட்டும், போகட்டும். இனிமே எனக்கு என்ன அவசரம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். என் மகள் மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் பிள்ளையார்பட்டிக்கு ஸ்கூட்டரில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவள் என் மகள். ஒரு பசுமாடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தார்கள். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, ஓட்டியவள் போட்டிருந்தாள். என் மகளுக்கு இடது கையும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. பின்னால் உட்கார்ந்திருந்தவள் போய்விட்டாள். விழுந்தவுடனே உயிர் போய்விட்டது, எதுவும் தெரிந்திருக்காது என்று அவளுடைய அம்மாவிடம் எல்லோரும் சொன்னார்கள். சாவு வீட்டில் நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னேன்.

என் மகள் எதுவும் சொல்லவில்லை. போலீசாருக்கு இரண்டு வரி. அதன்பிறகு எங்களிடமும் இல்லை. சிவகங்கை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் உறவினர் ஒருவர், "கேசு முடியிற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கமே போகவேணாம். பாப்பா வாயத் திறக்கவே வேணாம்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. எல்லாம் சரியாக நடப்பதுபோல, ஒரு சட்டக் காரணம் கிடைத்துவிட்டது. உண்மையில் எனக்குக் கேசைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இவள் உடைந்துவிடுவாள், உடைந்ததை நான் ஒட்டவைக்க முடியாது என்பதுதான் என் பயம். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "என்னன்னு தெரியல, அவங்க குடுத்துட்டுப் போனாக" என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். வலது கையால் டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"டரான்டுலாம்மா. பெருசா வளர்ற சிலந்தி. அதோட குஞ்சு."

பல நாளைக்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அது.

என் கணவர் நகை ஆசாரி. வீட்டின் முன்னறைதான் பட்டறை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியோடு வந்து டப்பாவைப் பார்த்தவர் ஓர் அடி பின்வாங்கினார். "என்னடி இது, இம்புட்டுக்கூண்டு இருந்துக்கிட்டு எட்டுக் காலையும் தூக்கிக்கிட்டுச் சண்டைக்கு நிக்கிது! ஒரு குண்டுமணி எடைகூடத் தேறாது." மகளின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் அன்று முழுக்க அந்த உதடு அசைந்ததையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அது எந்த வகை என்று தெரிய வேண்டும் என்றாள் மகள். தெரியாமல் வளர்க்க முடியாதாம். சிலது மண்ணுக்குள் வளை தோண்டி இருக்கும், அதற்கு ஆழமான ஈரமண் வேண்டும். சிலது தரையில் திரியும், அதற்குக் காய்ந்த மண் போதும். சிலது மரத்தில் வாழும், அதற்கு உயரமும் காற்றோட்டமும் வேண்டும், ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் செத்துப்போகும். தோழியின் போன் வண்டியோடு நொறுங்கிவிட்டது. டப்பாவில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பூதக்கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். உடம்பு வெளிறிய இளஞ்சிவப்பு, எட்டுக் கால்களின் நுனியும் கறுப்பு, கறுப்புக் காலுறை போட்டதுபோல. வயிற்றுப் பகுதியின் மேற்புறத்தில் மங்கலாக ஒரு கோலம். போனில் மகள் காட்டிய படங்களில் பத்துக் குஞ்சுகளாவது எனக்கு அப்படியே தெரிந்தன. வளர்ந்த சிலந்திகளின் படங்களோ ஒன்றுகூட இதைப் போல இல்லை. குஞ்சில் ஒரு நிறம், தோல் உரிக்க உரிக்க வேறு நிறமாம்.

டப்பாவிலிருந்த மண்ணில் பூஞ்சை பிடித்திருந்தது. தேங்காய் நார்த்தூள் வேண்டும் என்றாள். என் கணவர் கல்லல் சாலையில் ஒரு நர்சரிக்குப் போய், ஒரு மூட்டையே வாங்கி வந்துவிட்டார். சலித்து, ஈரம் காட்டி, பெரிய டப்பாவில் பாதி உயரத்துக்கு நிரப்பினோம். அவளுக்கு ஒரு கைதான் என்பதால் நான்தான் எல்லாம் செய்தேன். அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். தூரிகையால் மெல்லத் தள்ளிக் குஞ்சை உள்ளே விட்டோம்.

அது மண்ணில் கால் வைத்ததும் சுவரில் ஏறியது. மூடியின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாளும் அங்கேயே. அதற்கடுத்த நாளும். மகள் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய்ப் பார்த்தாள். "கீழ இறங்கவே மாட்டேங்குதும்மா. மண்ணு ஆகல." நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தபோதுதான் அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியது. வேப்பம்புண்ணாக்கு. செடி வளர்ப்பவர்களுக்காகக் கறையான் வராமலிருக்க நார்த்தூளில் கலந்துதான் விற்பார்களாம். நர்சரிக்காரர் அதை ஒரு சிறப்பாகவே சொல்லி என் கணவரிடம் விற்றிருக்கிறார்.

"பூச்சியே அண்டாதுன்னான். நல்லதாப் போச்சுன்னு வாங்கிட்டு வந்தேன்" என்றார் அவர்.

"நம்ம வளக்கிறதே பூச்சிதானப்பா."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. அந்த மூட்டையைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் நெடுநேரம் உள்ளே வரவில்லை.

வேறு நார்த்தூள் தேடி, நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்து மாற்றினோம். பழக்கூடையில் மொய்க்கும் சிறு ஈக்களை வாழைப்பழத் தோல் போட்ட பாட்டிலில் பிடித்தோம். அது கிடைக்காத நாளில் கரப்பான் குஞ்சின் காலை நான் கிள்ளி, பட்டறையில் இருக்கும் சாமணம் என்ற சிறு இடுக்கியால் பிடித்து டப்பாவுக்குள் வைத்தேன். கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பவள் நான். எறும்பு வராமலிருக்கத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் டப்பாவை வைத்தோம். பங்குனி வெயிலில் மாடி அறை கொதித்ததால் தாம்பாளத்தை வளவு என்று நாங்கள் சொல்லும் நடுமுற்றத்துக்குப் பக்கத்தில் நிழலாக இருந்த இடத்துக்கு இறக்கினோம். மகளும் கூடவே இறங்கி வந்தாள். தரையில் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், ஒரு நாள் தலையைப் பின்னிவிடச் சொன்னாள். குஞ்சு சாப்பிட்ட அன்று அவளும் சாப்பிட்டாள். இதைக் கவனித்தபோது எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது செத்தால் என்ன ஆகும் என்ற நினைப்புதான் வந்தது. அந்தப் பெண்ணுடையது என்று மிச்சமிருப்பது இது ஒன்று. இதுவும் இவள் கையில் போனால், இரண்டாவதாகவும் தானே கொன்றதாக எண்ணுவாள்.

சந்தையில் ஒருநாள் தோழியின் அம்மாவைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்க்குமுன் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"அது நல்லா இருக்கா டீச்சர்?"

"இருக்கு. சாப்பிடுது."

"பாப்பா?"

"இருக்கா."

அவர் தலையாட்டினார். மறுபடி கேட்கப்போகிறார் என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. "வெயிலு பாருங்க" என்று மட்டும் சொன்னார். நான் வாங்க வந்ததில் பாதியை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மண் மாற்றிய பிறகும் குஞ்சு கீழே தங்கவில்லை. மேல் மூலையில் வெள்ளையாக ஒரு குழாய்போல வலை பின்னி அதற்குள் இருந்தது. வேம்பு வாடை போகவில்லை என்றே நாங்கள் நினைத்தோம். கடைசியில் மகள், இந்த மாதிரிச் சிலந்திகளை வளர்ப்பவர்கள் போனில் வைத்திருக்கும் ஒரு குழுவில் படத்தைப் போட்டாள். தோழிதான் எப்போதோ இவளையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாளாம். பதில்கள் வந்தன. இந்த அளவில் உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் இரண்டு மூன்று தடவை தோல் உரிக்கட்டும் என்றார் ஒருவர். மேலேயே வலை பின்னினால் மர வகையாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், 'உன் ஃபிரெண்டைக் கேளேன், அவளுக்குத் தெரியாததா, எங்கே ஆளையே காணோம்' என்று எழுதியிருந்தார்.

மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் அடுப்படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வாங்கி வைத்துவிடலாமா என்று இருந்தது. அவள் ஒரு விரலால் எதையோ அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். பிறகு போனை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

'அவள் இறந்துவிட்டாள். நான் ஓட்டிய வண்டியில்.'

அனுப்பியாகிவிட்டது. "வக்கீல் மாமா திட்டுவாரா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன்.

அன்றைக்கே டப்பாவின் பக்கவாட்டில் சூடான ஊசியால் துளைகள் போட்டோம். மண்ணைக் குறைத்தோம். வேப்ப மரத்தைத் தொடாமல், புளியமரத்துப் பட்டை ஒன்றைக் கழுவிக் காயவைத்துச் சாய்த்து நிறுத்தினோம். சுவரில் சில சொட்டுத் தண்ணீர் மட்டும். குஞ்சு பட்டையின் உச்சியில் புதிதாக வலை பின்னத் தொடங்கியது. "மர வகைதான்" என்றாள் மகள். முழுப் பெயர் தெரியாவிட்டாலும் அவ்வளவு தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி.

பிறகு அது சாப்பிடுவதை நிறுத்தியது. வயிறு கறுத்துப் பளபளத்தது. தோல் உரிக்கப்போகிறது, தொந்தரவு பண்ணக்கூடாது என்று மகள் தாம்பாளத்தின்மேல் துணி போட்டாள்.

மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டு வந்து துணியை விலக்கிப் பார்த்தேன். குஞ்சு வலைக்குள் மல்லாந்து கிடந்தது. கால்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. டப்பாவைத் தட்டினேன், அசையவில்லை. மகள் எழுந்திருக்கவில்லை. இவள் பார்க்குமுன் எடுத்துவிட வேண்டும், தப்பித்துப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், துளை பெரிதாகிவிட்டது என்று சொல்லலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"அம்மா, அத ஆட்டாத!"

பின்னால் நின்றாள். வெறுங்காலோடு ஓடி வந்திருந்தாள். "மல்லாந்துதான் தோலு உரிக்கும். சாகல. மெதுவா வையி. மெதுவா."

வைத்தேன். மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். நான் பள்ளிக்கு லீவு சொன்னேன். என் கணவர் பட்டறையைத் திறக்கவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, "என்ன ஆசாரி, விசேசமா?" என்று கேட்டபோது, "ஒரு பிரசவம் மாதிரி" என்று சொல்லி அனுப்பினார். முற்பகலில் முதுகோடு பிளந்து உள்ளிருந்து ஈரமாக, வெளிறிய ஒன்று அசைந்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான்கு கால்கள் வெளியே வந்தன. அதற்குமேல் வரவில்லை. இழுத்தது, நின்றது, இழுத்தது. தூரிகையில் ஒரு சொட்டு வெந்நீர் தொட்டு வைக்கச் சொன்னாள், வைத்தேன். சாமணத்தால் தோலைப் பிடித்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார். கால் அறுந்துவிடும் என்றாள். சாயங்காலம் அசைவு நின்றது. பாதி உடம்பு பழைய தோலுக்குள்ளேயே இருந்தது.

எதனால் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேம்பா, முதலில் வைத்த ஈரமா, வெயிலா, காலையில் நான் தூக்கிக்கொண்டு போனதா. குஞ்சுகளில் பல இப்படித்தான் போகும் என்று குழுவில் எழுதினார்களாம். மகள் அழவில்லை. அவள் அழாதது என்னைக் கலக்கியது. டப்பாவின் மூடியைப் போட்டாள். முகம் கழுவினாள். ஒற்றைக் கையால் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?"

"அவங்கம்மாட்டச் சொல்லணும்ல."

"நான் சொல்லிக்கிறேன். போன்ல சொல்லிக்கிறேன்."

"எங்கிட்டதானம்மா குடுத்தாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் முன்னே போக, நானும் கூடவே நடந்தேன். அங்கே முன்கட்டில் மாலை போட்ட படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. அவர் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழப்போனவர் எழாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அது செத்துப்போச்சு" என்றாள் என் மகள்.

அவர் டப்பாவை வாங்கி உற்றுப் பார்த்தார். "எப்பிடிச் செத்துச்சு?"

எதிரே தரையில் உட்கார்ந்து மகள் சொன்னாள். நார்த்தூள் வாங்கியது, வேம்பு வாடை, எந்த வகை என்று தெரியாமல் தவித்தது, தோல் உரித்தது, பாதியில் நின்றது, எல்லாம்.

"மரத்துல ஏறுற சாதின்னு எங்கிட்டச் சொன்னாளே" என்றார் அவர். "காலு நுனியெல்லாம் பெருசானா ரோசு கலராயிரும்னு சொல்லுவா. எங்கிட்டக் கேட்டிருக்கலாமே பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் எங்கெங்கோ கேட்டோம், மூன்று தெரு தள்ளி இருந்த இவரிடம் கேட்கவில்லை. கேட்க விடாதது நான்.

அவர் மறுபடி கீரை உருவத் தொடங்கினார். பிறகு என் மகள், "அவளும் ஒடனே சாகலம்மா" என்றாள்.

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் அதைப் பார்க்காமலே நகர்த்திவிட்டாள்.

"எல்லாரும் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டாக. கொஞ்ச நேரம் இருந்தா. எனக்கு எந்திரிக்க முடியல. அவ அங்குட்டு ஓரமாக் கெடந்தா. தண்ணி கேட்டா. எங்கிட்ட இல்ல. நான் கத்துனேன், யாரும் வரல. வந்தப்ப அவ கேக்குறத நிறுத்திட்டா."

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். இத்தனை நாள் சுவரைப் பார்த்து அவள் படுத்திருந்தது எதோடு என்று அப்போதுதான் தெரியும்.

"என்னையக் கேட்டாளா?" என்றார் அவர்.

"இல்லம்மா. தண்ணிதான் கேட்டா."

அவர் கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டார். அழுவார், அடிப்பார், எங்களை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் எழுந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது, எனவே பேசாமல் மகளின் கையைப் பிடித்துப் படியில் இறங்கினேன்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். "நாளைக்கும் வா. கோயில்ல இருந்து கெளம்புனதுல ஆரம்பிச்சு சொல்லு. நான் பாதியக் காதுல வாங்கல."

அவள் மறுநாள் போனாள். அதன்பிறகும் போகிறாள். தெருமுனை வரைக்கும் நான் கூடப் போவேன், அதற்குமேல் வரவேண்டாம் என்பாள். என்ன பேசுகிறார்கள் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாராம், அவ்வளவுதான் தெரியும். வக்கீலிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. சில நாள் முகம் கறுத்துத் திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவாள். அவள் மூச்சை நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இது அவளைத் தேற்றுகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் அவள் செருப்பைத் தேடுகிறாள். நான் எடுத்து வைக்கிறேன்.